சாவிக்கு முன்னால் ஐந்து ஸ்டார்

எங்கள் ஷோரூமில் கார் வாங்குவது சுலபம், வெளியே ஓட்டிக்கொண்டு போவதுதான் கஷ்டம். பணம் கட்டியாயிற்று, பேப்பரெல்லாம் தயார், சிவப்புத் துணி போர்த்திய வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி கூடத்தின் நடுவில் நிற்கிறது, துணியை யார் இழுப்பது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சாவி என் கையில் இருக்கும். வாங்கியவர் தன் போனை எடுத்து, எங்கள் ஷோரூம் பக்கத்தைத் திறந்து, ஐந்து ஸ்டாரையும் அழுத்தி, நாலு நல்ல வார்த்தை போட்டு, அதை என்னிடம் காட்டிய பிறகுதான் சாவி கைமாற வேண்டும். இது எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம்.

டெலிவரி கவுன்ட்டரில் இருப்பது நான். சிரித்த முகத்தோடு சாவி கொடுக்க வேண்டும் என்பார்கள். சிரிப்பு எனக்கு அவ்வளவாக வராது, ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். ரிவியூ கேட்பது வேலையில் சேர்த்தி என்பதால் கேட்பேன். "உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க, அடுத்து வாங்கறவங்களுக்கு உதவியா இருக்கும்." அவ்வளவுதான். வாடிக்கையாளர் கையிலிருந்து போனைப் பிடுங்கி நாமே தட்டிவிடுகிற வித்தை எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. நான் மட்டும் அதைச் செய்ததில்லை. அடுத்தவர் வாயைக் கடன் வாங்கி நான் ஏன் பேச வேண்டும்?

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் மேனேஜர். நாள் பூராவும் ஸ்டாரையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியர். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, புதிதாக வருகிற ரிவியூ எல்லாம் தானாகவே அதில் ஓடும்படி செய்திருந்தார். காத்திருக்கிறவர்கள் படித்து மயங்க வேண்டும் என்பது திட்டம். அதுவரை ஐந்தைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. அதனால் வேறெதுவும் வந்தால் என்ன செய்வது என்று யாருமே யோசிக்கவில்லை.

அன்று காலையில் அது வந்துவிட்டது. நான் பையை வைத்துவிட்டு நிமிர்கிறேன், டிவியில் ஒற்றை ஸ்டார். பக்கத்தில் கட்டம் கட்டின மாதிரி எழுத்து.

"மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் நிற்கிறது. மூன்று முறை சர்வீஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் 'ஆயிடுச்சு' என்றார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு கிளட்ச் மிதிக்கிறார்கள். இதற்கு முன் என் பெயரில் வந்த ஐந்து ஸ்டார் நான் போட்டது அல்ல. - டிரைவிங் டீச்சர்."

டிரைவிங் டீச்சர் என்பது என் அம்மா.

ஜோசியர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டார். போனேன்.

"இது உங்கம்மாதானே?"

"ஆமா சார்."

"சொந்த அம்மாவே இப்படி எழுதினா ஊரான் என்ன எழுத மாட்டான்?"

"காலடியில தண்ணி நின்னா ஊரானும் இதைத்தான் சார் எழுதுவான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், ஸ்டாரைப் பார்த்துத்தான் இரண்டாவது ஷோரூமை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள், அந்தப் பொறுப்புக்காக அவர் தவம் கிடக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதையே மறுபடி ஒப்பித்துவிட்டு, குரலை இறக்கினார்.

"பாரும்மா. சாயங்காலம் ஷட்டர் இறங்கும்போது அது அங்க இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா, நாளைக்கு நீ இங்க இருக்கக் கூடாது. மதியம் போய் உங்கம்மாகிட்ட பேசு."

எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வீட்டில் நானும் அம்மாவும் படித்துக்கொண்டிருக்கும் தம்பியும்தான். அம்மாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது ஒரே வண்டி. ஆள் சேர்கிற மாதம் வருமானம் வரும், சேராத மாதம் வராது. ஒன்றாம் தேதி பிறந்தால் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். அந்த வண்டியையும் எங்கள் ஷோரூமிலேயே வாங்க வைத்தது நான். என்னை நம்பித்தான் வாங்கினாள்.

யாரையும் பாராட்டுவதில் அம்மா மகா கஞ்சம். கற்றுக்கொள்ள வருகிறவர் எவ்வளவு பிரமாதமாக ஓட்டினாலும் அவள் வாயிலிருந்து வருகிற அதிகபட்ச வார்த்தை "பரவாயில்ல." அதை வாங்கிவிட்டால் லைசென்ஸ் கையில் கிடைத்த மாதிரி என்று அவள் மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது கிடைத்ததே இல்லை. நான் லைசென்ஸ் வாங்கி, அவளை உட்கார வைத்து வீடு வரைக்கும் ஓட்டிவந்த அன்று, இறங்கும்போது "ஹாரன் ஜாஸ்தி" என்றாள். அத்தோடு உள்ளே போய்விட்டாள்.

மதியம் மைதானத்துக்குப் போனேன். எல் போர்டு மாட்டின எங்கள் வண்டி குதித்துக் குதித்து வந்து என் முன்னால் நின்றது. ஸ்டியரிங்கில் ஆஜானுபாகுவாக ஒரு மருந்துக்கடைக்காரர், வெறுங்காலோடு. பக்கத்தில் அம்மா. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"என்ன, வேலை நேரத்துல?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"தெரியாத மாதிரி கேக்காதே."

"எடுங்க சார், மெதுவா." வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது. "சார், கிளட்சத்தான் விடச் சொன்னேன், உயிர விடச் சொல்லல. மறுபடி போடுங்க." பிறகு என்னிடம், "எழுதினதுக்கா வந்த?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. 'அது சர்வீஸ் ஆளுங்க பாக்கறது'ன்னு நீதான் சொன்ன. சர்வீஸ் ஆள் ஆயிடுச்சுன்னான். மழை ஆகலன்னுது. நான் யாரை நம்பறது?"

எங்கள் சர்வீஸ் பகுதித் தலைவருக்கு 'ஆயிடுச்சு அண்ணன்' என்றே பெயர். வண்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே ஆயிடுச்சு என்பார்.

"சரிம்மா, எழுதினே. அந்த அஞ்சு ஸ்டார் கதை என்ன?"

"அதைக் கேளு. மூணாவது தடவை வண்டி எடுக்கப் போனப்ப, 'போனைக் குடுங்கம்மா, மெசேஜ் வந்திருக்கான்னு பாக்கறேன்'ன்னு உங்க ஆயிடுச்சு வாங்கினாரு. குடுத்தேன். என்னத்தையோ தட்டினாரு, திருப்பிக் குடுத்தாரு. நான் சாதாரணமா எடுத்துக்கிட்டேன். போன வாரம் அந்த நர்ஸ் பொண்ணு வந்தா. என்கிட்ட கத்துக்கிட்டவதான், உனக்குத் தெரியும். புது வண்டி வாங்கிட்டேன் டீச்சர்ங்கறா. 'எதைப் பாத்து வாங்கின?'ன்னு கேட்டேன். 'நீங்களே அஞ்சு ஸ்டார் குடுத்து, சூப்பர் சர்வீஸ்னு எழுதியிருந்தீங்களே, அதைப் பாத்துத்தான்'ங்கறா. அவ வண்டியிலயும் மிதியடி ஈரமாம். மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது, சொல்லு?"

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தன் பக்கத்து பிரேக்கை அழுத்தினாள்.

"ரோட்டைப் பாருங்க சார். நான் எவனுக்கும் சும்மா ஒரு நாள் கூட நல்லா ஓட்டறேன்னு சொன்னதில்ல. ஏன் தெரியுமா? நான் சொன்னா அவன் நம்புவான். நம்பி மெயின் ரோட்டுக்குப் போவான். லாரில கொண்டு விடுவான். என் வார்த்தையில ஒரு ஆளோட உயிர் இருக்குடி. அதை எடுத்து உங்க ஆளு விளம்பரத்துக்குப் போட்டுட்டான்."

நான் குனிந்து முன்சீட்டின் அடியில் பார்த்தேன். மிதியடியை எடுத்துவிட்டுச் செய்தித்தாள்களை மடித்துப் போட்டிருந்தாள். அதுவும் ஊறி, கறுத்து, தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு புளித்த வாடை.

"மேனேஜர் என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

சொன்னேன். சாயங்காலத்துக் கெடுவையும் சொன்னேன்.

அம்மா பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினாள். "உன் வேலைக்கு வேட்டுன்னா, இந்தா. எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது. நீயே எடுத்துடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்று அம்மா சொன்னால், ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அர்த்தம். ஆனால் அதற்காக இல்லை. அந்தப் போன் என் முகத்துக்கு நேரே நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையும் ஆயிடுச்சு அண்ணன் ஆக்கிவிடப் பார்த்தார்கள், அதுவும் என் அம்மாவின் போனில்.

"உள்ள வை" என்றேன். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

"அப்ப வேலை?"

"போனா போகட்டும். இறக்கி விடு, நான் கிளம்பறேன்."

"அவரைத்தான் கேக்கணும், அவர்தானே ஓட்டறாரு" என்றாள் அம்மா. மருந்துக்கடைக்காரர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். அன்றைக்கு அவர் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஷோரூமுக்குத் திரும்பியபோது ஜோசியர் வாசலிலேயே நின்றார். "என்னாச்சு?"

"எடுக்க மாட்டாங்க சார். நானும் எடுக்கச் சொல்ல மாட்டேன்."

திட்டுவார் என்று பார்த்தேன். சிரித்தார். "வேண்டாம். உன்னை நம்பி நான் இல்ல. வேற வழி பண்ணியாச்சு. டிவியப் பாரு."

டிவியில் ஐந்து ஸ்டார் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "அருமையான சேவை. ஊழியர்கள் அன்பானவர்கள். வண்டி சூப்பர்." அடுத்தது: "அருமையான சேவை. ஊழியர்கள் அன்பானவர்கள். வண்டி சூப்பர்." அதற்கடுத்ததும் அதே. பெயர்களைப் பார்த்தேன். கணக்குப் பிரிவு அக்காவின் மாமனார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. வாட்ச்மேன் அண்ணனின் மனைவி. அந்த வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன், விஷயம் புரிந்துவிட்டது. நான் மைதானத்தில் இருந்த நேரத்தில் ஜோசியர் எல்லோருக்கும் ஒரு மெசேஜ் தட்டியிருந்தார். அவரவர் சொந்தபந்தங்களுக்கு அதை அனுப்பி, ஆளுக்கு ஒன்று போட வைக்க வேண்டுமாம்.

கூடத்தில் ஒரு குடும்பம் டெலிவரிக்காகக் காத்திருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர், அவர் மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். பெண்கள் சிவப்புத் துணியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு உத்தரவுக்காக நின்றார்கள். பட்டறைக்காரரின் மனைவி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க? ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்களோ?" என்றார்.

அப்போதுதான் அடுத்தது வந்தது. மற்றதைவிட நீளமாக இருந்தது. பட்டறைக்காரரின் மனைவி சத்தமாகவே படித்தார்.

"'எல்லாரும் இதை வீட்ல உள்ளவங்களுக்கு அனுப்பி அஞ்சு ஸ்டார் போடச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள அந்த டிரைவிங் டீச்சர் எழுதினது யார் கண்ணுலயும் படாம அடியில போயிடணும். கீழ இருக்கறதை அப்படியே காப்பி பண்ணினா போதும். அருமையான சேவை. ஊழியர்கள் அன்பானவர்கள். வண்டி சூப்பர்.'"

கீழே இருப்பதை மட்டும் போடச் சொன்னால் மேலே இருப்பதையும் சேர்த்துப் போட்ட புண்ணியவான் யார் என்று பெயரைப் பார்த்தேன். ஜோசியரின் மைத்துனர், மனைவியின் உடன்பிறந்த தம்பி. திட்டக்கூட முடியாது.

ஜோசியர் கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "ரிமோட்! ரிமோட் எங்க?"

"என் டிராயர்ல சார்."

"ஆஃப் பண்ணு!"

"பண்ண மாட்டேன் சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டிராயரைப் பூட்டி, அதன் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. டிவி தன்பாட்டில் அடுத்ததற்குப் போய், ஒரு சுற்று முடிந்து, அதே நீளமானது மறுபடி வந்தது.

"யாருங்க அந்த டிரைவிங் டீச்சர்?" என்று பட்டறைக்காரர் என்னைக் கேட்டார்.

"எங்கம்மா" என்றேன். "அவங்க எழுதினது இதோ என் போன்ல இருக்கு, நீங்களே படிச்சுக்குங்க."

புருஷனும் பெண்டாட்டியும் தலையோடு தலை சேர்த்துப் படித்தார்கள். பட்டறைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அப்ப நம்ம வண்டிக்கும் தண்ணி அடிச்சுப் பாத்துட்டே எடுத்துக்கலாம். ஹோஸ் எங்க இருக்கு?"

ஜோசியர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். துணி இழுத்துப் படம் எடுத்த பிறகு பார்க்கலாம் என்றார், குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைத் துணியோடு தள்ளிக்கொண்டு பின்பக்கம் வாட்டர் வாஷ் இடத்துக்குப் போனோம். பெண்கள் அங்கே வைத்துத் துணியை இழுத்தார்கள். கைதட்டியது நான் மட்டும்தான். அந்த அம்மா டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டறைக்காரர் ஹோஸைப் பிடித்துக் கூரை, கண்ணாடி, கதவு இடுக்கு என்று ஒன்றுவிடாமல் அடித்தார். ஷோரூமே திரண்டு வந்து பார்த்தது. ஆயிடுச்சு அண்ணன் கடைசி வரிசையில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

என்ன ஆக வேண்டும் என்று நினைத்தேன்? உண்மையைச் சொல்கிறேன். ஒழுகட்டும் என்று ஒரு மனசு துடித்தது. அந்தச் சின்னப் பெண்களின் முகத்தைப் பார்த்ததும், ஒழுகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். காலடியில் கைக்குட்டையை வைத்து ஒற்றி எடுத்துக் காட்டினார். "காஞ்சுதான் இருக்குங்க."

ஜோசியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா! நான் சொல்லல? யாரோ ஒருத்தர் வேணும்னே எழுதினதை வெச்சு..." என்று ஆரம்பித்தவர், என் பக்கம் திரும்பினார். "மேடத்தோட போனை வாங்கும்மா. அஞ்சு ஸ்டார் வாங்கிட்டு, சாவியைக் குடு. தண்ணி அடிச்சும் ஒழுகலன்னு எழுதச் சொல்லு. அது டிவியில வரட்டும்."

அந்த அம்மாவும் நல்ல மனசோடு போனை எடுத்துவிட்டார். "எங்க அழுத்தணும்?"

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு ஸ்டார்கூட இல்லாமல் அந்த ஷோரூமிலிருந்து போன முதல் சாவி அதுவாகத்தான் இருக்கும்.

"இப்ப வேண்டாங்க" என்றேன். "ஓட்டிப் பாருங்க. ஒரு மழை பெய்யட்டும். அப்புறம் உங்களுக்கு என்ன தோணுதோ, அதை நீங்களே எழுதுங்க. ஒண்ணுன்னா ஒண்ணு, அஞ்சுன்னா அஞ்சு."

அவர்கள் போன பிறகு ஜோசியர் என் கவுன்ட்டருக்கு வந்தார். எல்லோரும் வேலை செய்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

"சரி சார். எழுதிக் குடுத்துடுங்க."

"என்னது?"

"எதுக்காக வர வேண்டாம்னு ரெண்டு வரி. மதியம் குரூப்ல எவ்வளவு நீளமா எழுதினீங்க. இது ரெண்டே வரிதானே?"

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மதியம் எழுதியது ஊருக்கே தெரியும்படி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மைத்துனர் போனை எடுக்கவில்லையாம். "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நான் சிவப்புத் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். மறுநாள் எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

தலைமை அலுவலக ஆட்கள் வருவதற்குள் சரிசெய்துவிட்டு வா என்று ஜோசியர் விரட்ட, அந்த வாரமே ஆயிடுச்சு அண்ணன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் போன் செய்தபோது, "மூணு தடவை நான் வந்தாச்சு, இந்தத் தடவை நீங்க வாங்க" என்றுவிட்டாளாம் அம்மா. கதவு ரப்பர் ஒரு இடத்தில் உள்பக்கமாக மடங்கிக் கிடந்திருக்கிறது. நேராக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் "ஆயிடுச்சும்மா" என்றிருக்கிறார். அம்மா அவரையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறாள். சாக்ஸ் நனைந்துவிட்டது. ரப்பரையே புதிதாக மாற்றிவிட்டு, சொல்லாமலே தானாக மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டாராம். அந்தத் தடவை நனையவில்லை. நர்ஸ் பெண்ணின் வண்டியையும் அன்றைக்கே பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அம்மா வீட்டில் மூச்சுவிடவில்லை. "வேலை இருக்கா?" என்று மட்டும் தினமும் கேட்டாள். "இருக்கு" என்பேன். "ம்" என்பாள்.

பிறகு ஒரு நாள் ராத்திரி முழுக்க மழை அடித்து ஊற்றியது. மறுநாள் காலை நான் கவுன்ட்டரில் ஒரு வயதான தம்பதிக்கு வண்டியின் பேப்பர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். டிவியில் அம்மாவின் பெயர் வந்தது. பழையதைத் திருத்தி எழுதியிருந்தாள். மருந்துக்கடைக்காரர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நான்காவது முறை ஒழுகலை நிறுத்திவிட்டார்கள். நேற்று ராத்திரி மழைக்குப் பிறகு தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மூன்று ஸ்டார். மீதி இரண்டை மழைக்காலம் முடிந்ததும் யோசிக்கிறேன். சாவி கொடுக்கும் பெண் பரவாயில்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த பேப்பர் எதுவும் தெரியவில்லை.

எதிரே இருந்த பெரியவர் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களைத்தானே எழுதியிருக்காங்க? வெறும் பரவாயில்லைன்னு போட்டுட்டாங்களேம்மா" என்றார், பாவம், ஆறுதலாக.

"ஆமாங்க" என்றேன். "அதுக்கு மேல அவங்க யாருக்கும் போட்டதில்ல."